அயர்லாந்து கிராமங்கள் பஞ்சத்தை எப்படி ஞாபகம் வச்சிருந்துச்சு: புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு அறிமுகம்

அயர்லாந்து பஞ்சம்னு தேடினா எங்க பார்த்தாலும் அதே ரெண்டு நம்பர்தான் வரும். சுமார் பத்து லட்சம் பேர் செத்தாங்க, பத்து லட்சத்துக்கும் மேல நாட்டை விட்டே போயிட்டாங்க. 1841 சென்சஸ்ல கிட்டத்தட்ட 82 லட்சம் ஜனம், 1851ல 65.5 லட்சம். இது சர்க்கார் கணக்கு, இதுல பெருசா சண்டை இல்ல. ஆனா அந்த ஊர்கள்ல பொழைச்சு மிச்சமிருந்தவங்க இதை எப்படி ஞாபகம் வச்சிருந்தாங்க, பேரன் பேத்திங்க கிட்ட என்ன சொன்னாங்க, எதை வாயே தொறக்காம முழுங்கிட்டாங்கங்கறது வேற விஷயம். ஆராய்ச்சி பண்றவங்க இதை ஃபோக் மெமரின்னு சொல்வாங்க, இந்த போஸ்ட்ல நான் ஊர் ஞாபகம்னே எழுதப்போறேன்.

முதல்ல பஞ்சத்தோட கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1840கள்ல அயர்லாந்து முழுக்க பிரிட்டிஷ் ஆட்சியில இருந்துச்சு, நிலம் பெரும்பாலும் பெரிய நிலச்சுவான்தார்கள் கையில, கீழே குத்தகைக்காரன், அவனுக்கும் கீழே துண்டு நிலத்துல குடிசை போட்டு உழைப்பையே வாடகையா கொடுக்கிற கூலிக்காரன். இந்தக் கடைசி கூட்டத்துக்கு உருளைக்கிழங்குதான் சோறு, குழம்பு, பொரியல் எல்லாமே, வேலை செய்யற ஒரு ஆம்பள ஒரு நாளைக்கு அஞ்சு கிலோவுக்கும் மேல சாப்பிடுவாராம், கூட கொஞ்சம் மோர் கிடைச்சா உண்டு. கொஞ்ச இடத்துல நிறைய விளையுதுன்னு லம்பர்ங்கற ஒரே ரகத்தை எல்லாரும் போட்டாங்க. 1845ல கருகல் நோய் வந்துச்சு, ஊட்டி பக்கம் கிழங்கு போடுறவங்களுக்கு இன்னைக்கும் தலைவலியா இருக்கிற அதே நோய்தான். அந்த வருஷம் மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு, 1846ல ஏறக்குறைய மொத்தமும் போச்சு, 1847ல நோய் அவ்வளவா இல்ல ஆனா விதைக்கிழங்கையே தின்னு தீர்த்துட்டதால நட்டதே கொஞ்சம், 1848ல மறுபடியும் நோய். பசியால செத்தவங்கள விட காய்ச்சல், வயித்துப்போக்குன்னு நோயில செத்தவங்கதான் அதிகம். ஐரிஷ் மொழியில ஜனங்க இந்தக் காலத்தை கெட்ட காலம்னே சொல்லிட்டாங்க.

சரி, இப்ப ஊர் ஞாபகம். இது நமக்கு எப்படி கிடைச்சுது? 1935ல அயர்லாந்து அரசு ஐரிஷ் ஃபோக்லோர் கமிஷன்னு ஒன்னு ஆரம்பிச்சுது, ஊர் ஊரா போய் கதை, பாட்டு, வைத்தியம், நம்பிக்கை எல்லாத்தையும் எழுதி வைக்கறதுதான் வேலை. அவங்க பண்ணதுலயே அழகான ஐடியா 1937ல வந்தது. நாட்டுல இருக்கிற ஆரம்பப் பள்ளிக்கூட பசங்க கிட்ட, கடைசி ரெண்டு மூணு கிளாஸ் பசங்க கிட்ட, கட்டுரை நோட்டுக்கு பதிலா இந்த நோட்டைக் கொடுத்து உங்க வீட்டு பெரியவங்க, பக்கத்து வீட்டு தாத்தா பாட்டி என்ன சொல்றாங்களோ எழுதிட்டு வாங்கன்னு சொன்னாங்க. 1937ல இருந்து 1939 வரைக்கும் சுமார் 5,000 ஸ்கூல், 50,000க்கும் மேல பசங்க. டீச்சர்களுக்கு தலைப்பு போட்டு ஒரு சின்ன கைடு புக்கும் போச்சு, அதுல 55 தலைப்பு, அதுல ஒன்னு பஞ்ச காலம். அப்புறம் பஞ்சத்தோட நூறாவது வருஷம் வந்தப்ப, 1945ல, பெரியவங்களுக்கு பஞ்சம் பத்தி மட்டும் தனியா ஒரு கேள்வித்தாள் அனுப்பினாங்க. இந்த ரெண்டும்தான் நம்ம முக்கியமான புதையல்.

இப்ப ஒரு சின்ன கணக்கு போடுங்க. 1937ல 80 வயசான பாட்டி எந்த வருஷம் பொறந்திருப்பாங்க? 1857. பஞ்சம் முடிஞ்சு அஞ்சாறு வருஷம் கழிச்சு. அதாவது நோட்டுல இருக்கறதுல ஏறக்குறைய எதுவுமே கண்ணால பார்த்தவங்க சொன்னது கிடையாது, பார்த்தவங்களோட பிள்ளைங்க சொன்னது, அதை 12, 13 வயசு பையன் கேட்டு எழுதினது, டீச்சர் பார்த்து திருத்தினது. இத்தனை கை மாறி வந்ததுங்கறதை மனசுல வச்சுக்கிட்டுதான் படிக்கணும். அதுக்காக தூக்கிப் போடவும் கூடாது, ஏன்னா வேற எந்த ரெக்கார்டுலயும் இல்லாத விஷயம் இதுல இருக்கு.

இதைவிட முக்கியமான ஒன்னு, இந்த போஸ்ட்ல ஒரே ஒரு பாயிண்ட் தான் எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்கோங்க: கதை சொல்றதுக்கு யார் மிச்சம் இருந்தாங்க? அயர்லாந்து சென்சஸ்ல வீடுகளை நாலு தரமா பிரிச்சிருப்பாங்க, நாலாவது தரம்னா ஒரே ரூம் மண் குடிசை. அது 1841ல ஏறக்குறைய 4.9 லட்சம் இருந்துச்சு, 1851ல 1.35 லட்சம் சொச்சம். பத்து வருஷத்துல மூணரை லட்சம் குடிசை காணோம். அதுல இருந்தவங்க செத்தாங்க, இல்ல கப்பல் ஏறினாங்க, இல்ல ஒர்க்ஹவுஸ்னு சொல்ற ஏழைங்க விடுதிக்குள்ள போய் முடிஞ்சாங்க. 1937ல பேரனுக்கு கதை சொன்ன தாத்தா பெரும்பாலும் இந்தக் குடிசைக்காரனோட பிள்ளை கிடையாது, கொஞ்சம் நிலம், ஒரு பசு மாடு, நாலு ஆடுன்னு வச்சிருந்து தப்பிச்ச குடும்பத்து ஆள். ரொம்ப கொடுமையை அனுபவிச்ச கூட்டத்துக்கு அந்த ஊர்ல கதை சொல்ல வாரிசே இல்லாம போச்சு.

இதைப் புரிஞ்சுக்கிட்டா அடுத்து வர்ற ஒரு விசித்திரம் உடனே பிடிபடும். நோட்டுங்களைப் படிச்சா திரும்பத் திரும்ப வர்ற டயலாக் என்ன தெரியுமா, எங்க ஊர்ல அவ்வளவா கஷ்டம் இல்ல, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்லதான் ரொம்ப மோசம், எங்க வீட்டுல யாரும் சாகல, பக்கத்து வீட்டுலதான், எங்க பாட்டி எல்லாருக்கும் கொடுத்தாங்க. அந்தப் பக்கத்து ஊர் நோட்டை எடுத்தா அவங்களும் இதையேதான் சொல்லிட்டு இருப்பாங்க! பொய்யின்னு சொல்ல முடியாது, பாதி நிஜம்தான், தப்பிச்ச குடும்பம்ங்கறதால அவங்க வீட்டுல நிஜமாவே அவ்வளவு சாவு இல்லாம இருக்கலாம், மீதிப் பாதி வெட்கம். எங்க குடும்பம் கஞ்சிக்கு பாத்திரம் தூக்கிட்டு நின்னுச்சுன்னு எந்த தாத்தா பேரன் கிட்ட, அதுவும் டீச்சர் படிக்கப்போற நோட்டுல, சொல்லுவாரு? இதுக்கும் கீழே இன்னொரு லேயர் இருக்கு, காலியான நிலத்தை யார் எடுத்தாங்க? துரத்தப்பட்டவனோட துண்டு நிலம் பக்கத்து குத்தகைக்காரன் கையில சேர்ந்த கேஸ் எக்கச்சக்கம், அவனோட பேரன்தான் இன்னைக்கு அதே ஊர்ல மதிப்பான ஆள். அதனால இந்த மேட்டர் வரும்போது சொல்றவங்க பேர் சொல்லாம மழுப்பிடுவாங்க. நிலச்சுவான்தார் பேரைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இல்ல, பக்கத்து வீட்டுக்காரன் பேரைச் சொல்லத்தான் தயக்கம்.

ஆனா இடத்தை மறக்கவே மாட்டாங்க. எந்த வயல் மூலையில யாரைப் புதைச்சாங்க, எந்த வேலியோரம் ஒரு குடும்பமே கிடந்துச்சு, எந்த மேடு முன்னாடி பத்து வீடு இருந்த தெரு, எந்த ரோடு பஞ்சத்துல நிவாரணக் கூலிக்காக ஜனங்க போட்ட ரோடு, இதெல்லாம் சும்மா கட்டை விரலால காட்டிச் சொல்லிட்டுப் போவாங்க. மேற்கு அயர்லாந்து மலைச்சரிவுல இன்னைக்கும் சாயங்கால சாய்வு வெளிச்சத்துல வரி வரியா பாத்தி தெரியும், அது அந்தக் காலத்துல கிழங்கு போட்ட மேட்டுப்பாத்தி, அப்புறம் அங்க யாரும் உழவே இல்ல. ஆக்கில் தீவுல ஸ்லீவ்மோர்னு ஒரு மலையடிவாரத்துல கூரை இல்லாத கல்வீடுங்க வரிசையா நிக்குது. பஞ்சத்துக்கு அப்புறமும் அதுல கொஞ்சத்தை கோடைக்கால மேய்ச்சல் குடிலா பயன்படுத்தினாங்க, அதனால அது மொத்தமும் பஞ்சத்துல ஒரே நாள்ல காலியான ஊருன்னு டூரிஸ்ட் கிட்ட சொல்றதை அப்படியே நம்பிட வேண்டாம்.

இடத்தோட ஒட்டின நம்பிக்கைகள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது பசிப்புல். பஞ்சத்துல யாரோ விழுந்து செத்த இடத்துல ஒரு வகை புல் முளைக்குமாம், அது மத்த புல்லு மாதிரியேதான் இருக்கும், தெரியாம மிதிச்சுட்டா நல்லா சாப்பிட்டுட்டு வந்தவனுக்கும் திடீர்னு வயிறு ஒட்டி, கால் துவண்டு, அங்கேயே உக்காந்துடுவானாம், ஒரு வாய் ரொட்டி உள்ள போனாதான் எழுந்திருக்க முடியும். அதனால மலை தாண்டிப் போறவங்க பாக்கெட்டுல ஒரு துண்டு ரொட்டி வச்சுக்குவாங்க. செத்தவனோட பசி அந்த மண்ணுல மிச்சம் இருக்குங்கறது தான் இதோட அர்த்தம், இதைவிட நேரா எப்படி சொல்றது.

ஊர் ஞாபகத்துல சில கதைங்க எல்லா கவுண்டியிலயும் வரும் (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி). ஒரு பொம்பள இல்லாதவங்களுக்கெல்லாம் மாவை அள்ளி அள்ளிக் கொடுத்துடுவா, புருஷன் கோவமா வந்து மாவுப்பெட்டியைத் தொறந்தா அது தளும்ப நிறைஞ்சிருக்கும். செத்தவங்க வாயெல்லாம் பச்சையா இருந்துச்சு, புல்லைத் தின்னிருக்காங்க. அடிப்பக்கம் கதவு மாதிரி தொறக்கிற சவப்பெட்டி, பொணத்தைக் குழியில விட்டுட்டு அடுத்த ஆளுக்கு அதே பெட்டி. அம்மாவோ பிள்ளையோ பொணத்தை முதுகுல கட்டித் தூக்கிட்டு இடுகாட்டுக்கு தனியா நடந்தாங்க. ஒரே கதை கெர்ரியிலயும் மேயோவுலயும் ஒரே மாதிரி வந்தா அது ஊர் ஊரா நடந்து போன கதைன்னு எடுத்துக்கணும், ஆனா நடந்து போன கதை எல்லாமே கட்டுக்கதை இல்ல. அந்த சவப்பெட்டி நிஜம். கார்க் கவுண்டியில ஸ்கிபரீன் பக்கத்துல அபிஸ்ட்ரூரி இடுகாட்டுல 8,000ல இருந்து 10,000 பேர் வரைக்கும் பெட்டி கூட இல்லாம குழியில போட்டிருக்காங்கன்னு சொல்றாங்க. அந்த ஊர்ல ஒரு கதை உண்டு, செத்துட்டான்னு நினைச்சு குழியில போட்ட சின்னப் பையன் மேல மண்வெட்டி பட்டதும் முனகிட்டான், வெளிய எடுத்தாங்க, கால் ரெண்டும் ஒடிஞ்சு வளைஞ்சே போச்சு, அப்படியே பல வருஷம் ஊர்ல நடமாடினான்னு. ஊரே அந்த ஆளைப் பார்த்திருக்கு.

ராத்திரியோட ராத்திரியா கிழங்கு அழுகிடுச்சு, சாயங்காலம் பச்சைப்பசேல்னு இருந்த வயல் காலையில கருப்பா நாறிட்டு கிடந்துச்சுன்னு எல்லா ஊர்லயும் சொல்வாங்க. கேட்டா கதைக்காக ஊதின மாதிரி இருக்கும். ஆனா மதுவிலக்கு பிரச்சாரத்துக்கு பேர்போன பாதிரியார் ஃபாதர் மேத்யூ 1846ல எழுதின லெட்டரைப் பாருங்க, ஜூலை 27ஆம் தேதி கார்க்ல இருந்து டப்ளின் போறார், வழியெல்லாம் செடி செழிப்பா பூத்து நிக்குது, ஆகஸ்ட் 3ஆம் தேதி திரும்பி வர்றார், அதே வழி முழுக்க அழுகல். ஒரு வாரம். ஊர் ஞாபகம் அதை ஒரு ராத்திரியா சுருக்கிடுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்பர் விஷயத்துல மட்டும் ஊர் ஞாபகத்தை நம்பக் கூடாது, அதுக்கு நல்ல உதாரணம் மேயோ கவுண்டியில நடந்த டூலாக் சம்பவம். 1849 மார்ச் கடைசி, லூயிஸ்பர்க்ங்கற சின்ன டவுன்ல நிவாரணம் வாங்குற ஜனங்க நூத்துக்கணக்குல கூடியிருக்காங்க, அதிகாரிங்க வந்து பார்த்து இவங்களுக்கு தொடர்ந்து கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். வந்த அதிகாரிங்க அங்க பார்க்கல, சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி டெல்ஃபி லாட்ஜ்னு ஒரு வேட்டை பங்களாவுக்குப் போயிட்டாங்க, நாளைக்கு காலையில எல்லாரும் அங்க வந்து நில்லுங்கன்னு உத்தரவு. பட்டினி கிடக்கிற ஜனம், பிள்ளைங்களோட, குளிர்ல, ஏரி ஓரமா மலைப்பாதையில நடந்து போறாங்க. அங்க போனா ஐயாமாருங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க, இப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பதில் வந்ததா சொல்வாங்க. அப்புறம் ஒன்னும் கொடுக்காமலேயே திருப்பி அனுப்பினாங்க. திரும்பி வர்ற வழியில செத்து விழுந்தாங்க. அடுத்த மாசம் உள்ளூர் பத்திரிகையில வந்த ஒரு லெட்டர், ரோட்டோரம் ஏழு பொணம் கிடந்துச்சு, இன்னும் ஒன்பது பேர் வீடு போய்ச் சேரலைன்னு சொல்லுது. ஊர்க்கதையில இதே கணக்கு 400.

இந்த இடத்துலதான் புதுசா படிக்கிறவங்க ரெண்டு பக்கமும் சறுக்குவாங்க. ஒரு கோஷ்டி பாரு 16ஐ 400 ஆக்கிட்டாங்க, எல்லாம் ரீலுன்னு ஒதுக்கிடும், இன்னொரு கோஷ்டி சர்க்கார் மறைச்சுட்டான், 400தான் நிஜம்னு அடிச்சுப் பேசும். என்னைக் கேட்டா அந்த 400 ஒரு எண்ணிக்கையே இல்ல, நடந்த அநியாயத்தோட சைஸு. கணக்கு மாறிப்போச்சு, ஆனா யார் நடக்கச் சொன்னான், எங்க இருந்து எங்க, எதுக்காக, போன இடத்துல கதவு தொறந்துச்சா இல்லையாங்கறது மாறவே இல்ல. 1988ல இருந்து வருஷா வருஷம் அந்த வழியில ஒரு பஞ்ச நடைப்பயணம் போறாங்க, ஏரிக்கரையில ஒரு கல்லு நட்டிருக்காங்க, அதுல காந்தியோட வாசகம் செதுக்கியிருக்கு, சக மனுஷனை அவமானப்படுத்தி ஒருத்தன் எப்படி தன்னை கௌரவமா நினைச்சுக்க முடியும்ங்கற அர்த்தத்துல.

சாப்பாடு ஏற்றுமதி விஷயமும் இதே மாதிரிதான். பட்டாளத்துக்காரன் காவலோட தானிய வண்டி துறைமுகத்துக்குப் போறதை எங்க தாத்தா பார்த்தார்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க. வரலாற்றுக்காரங்க கணக்கு போட்டா 1847ல வெளிய போன தானியத்தை விட உள்ள வந்த தானியம் அதிகம். அப்ப தாத்தா பொய் சொன்னாரா? இல்ல, 1846 அறுவடை முடிஞ்சு ஓட்ஸ் வெளிய போயிட்டே இருந்துச்சு, அமெரிக்க மக்காச்சோளம் பெரிய அளவுல வந்து சேர அடுத்த வருஷம் ஆச்சு, நடுவுல இருக்கிற அந்தக் குளிர்காலத்துலதான் ஜனம் கொத்துக்கொத்தா செத்துச்சு. வருஷக் கணக்குல பேலன்ஸ் ஆயிடுச்சு, வயித்துல ஆகல. அதுக்கு முன்னாடி 1846 தொடக்கத்துல சர்க்கார் முதல் தடவையா கொஞ்சம் மக்காச்சோளம் கொண்டு வந்தப்ப இன்னொரு கூத்து, அதை எப்படி அரைக்கறது எவ்வளவு நேரம் வேகவைக்கறதுன்னே அங்க யாருக்கும் தெரியாது, அரைவேக்காட்டுல தின்னு வயிறு கெட்டு, அப்போதைய பிரதமர் பீல் பேரைச் சேர்த்து அதுக்கு பீலோட கந்தகம்னு பேர் வச்சுட்டாங்க.

கஞ்சித் தொட்டி (அங்க கஞ்சின்னா சூப்) பத்தின ஞாபகம் ரொம்ப கசப்பானது. 1847 கோடையில சர்க்கார் கஞ்சித் தொட்டிங்க தினமும் 30 லட்சம் பேருக்கு ஊத்துச்சு, மொத்த பஞ்சத்துலயும் உருப்படியா வேலை செஞ்ச திட்டம் அதுதான், அதையும் சில மாசத்துல மூடிட்டாங்க. குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு எந்த நிபந்தனையும் போடாம ஊத்தினாங்க, அவங்களை ஊர் நல்லபடியாவே ஞாபகம் வச்சிருக்கு. ஆனா சில புராட்டஸ்டன்ட் மிஷன்கள், கத்தோலிக்க ஜனங்க மதம் மாறினாதான் சூப்புன்னு நடந்துக்கிட்டாங்க, இல்ல அப்படி நடந்துக்கிட்டதா பேர் வாங்கினாங்க, அது எல்லா சூப்பு மேலயும் கறையா ஒட்டிக்கிச்சு. அது சூப் குடிச்ச குடும்பம்னு ஒரு வீட்டைப் பத்தி மூணு தலைமுறை கழிச்சும் சொல்வாங்க, எந்தத் தொட்டியில குடிச்சாங்கங்கறதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நம்ம ஆளுங்களுக்கு பரிச்சயமான ரெண்டு பேர் இந்தக் கதையில வர்றாங்க, சொல்லாம விட மனசு வரல. லண்டன் கருவூலத்துல உக்காந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடிச்ச அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன், அயர்லாந்துல இன்னைக்கும் திட்டு வாங்குற பேரு, 1859ல மெட்ராஸ் கவர்னரா வந்து அடுத்த வருஷமே திரும்பக் கூப்பிடப்பட்டார். இன்னொருத்தர் வில்லியம் கிரெகரி. கால் ஏக்கருக்கு மேல, அதாவது 25 சென்ட்டுக்கு மேல, நிலம் வச்சிருக்கிறவனுக்கு நிவாரணம் கிடையாது, நிலத்தை விட்டுக்கொடுத்துட்டு வாங்கற விதியை 1847ல சட்டத்துல சேர்த்தவர். கஞ்சிக்காக நிலத்தை விட்டவன் அப்புறம் எங்க போவான்? அந்த கிரெகரிதான் 1872ல இருந்து 1877 வரைக்கும் சிலோன் கவர்னர், நுவரெலியா கிரெகரி ஏரி அவர் பேர்லதான் இருக்கு, கொழும்பு மியூசியமும் அவர் காலத்துல வந்தது. இதுல ஒரு வேடிக்கை, அவரோட ரெண்டாவது மனைவி அகஸ்டா கிரெகரி பிற்காலத்துல கால்வே பக்கத்து கிராமத்து ஜனங்க கிட்ட உக்காந்து நாட்டார் கதைகளை எழுதி வச்சவங்க.

தேதி விஷயம் ஒன்னு பாக்கி. கிராமத்து ஞாபகத்துல வருஷம் நம்பரா இருக்காது, சம்பவமா இருக்கும். 1908ல முதியோர் பென்ஷன் சட்டம் வந்தப்ப 70 வயசு ஆச்சுன்னு நிரூபிக்க ஜனங்க கிட்ட பர்த் சர்டிஃபிகேட் இல்ல, பிறப்பு பதிவே 1864லதான் ஆரம்பம். அதனால 1839 ஜனவரியில அடிச்ச பெரிய புயல் ஞாபகம் இருக்கான்னு கேட்டாங்க, உடனே ஊர்ல பாதிப் பேருக்கு அந்தப் புயல் நேத்து அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துடுச்சு! பஞ்சத்துலயும் இப்படிக் குழப்பம் உண்டு, 1879 வாக்குல மேற்குப் பக்கம் இன்னொரு சின்னப் பஞ்சம் வந்தது, தாத்தா சொல்றது 1847ஆ 1879ஆன்னு நோட்டுல பல சமயம் பிரிக்கவே முடியாது. நிலம் பிடுங்கிய கதை, நிலச்சுவான்தாரோட ஏஜென்ட் கதை வந்தா ரொம்பவே உஷாரா இருக்கணும், ரெண்டு காலமும் ஒன்னோட ஒன்னு கலந்திருக்கும்.

நேரா படிச்சுப் பார்க்கணும்னா டூஹஸ்ங்கற பேர்ல ஐரிஷ் அரசு பல்கலைக்கழகத்தோட சேர்ந்து நடத்துற ஆன்லைன் ஆவணத்துல அந்த ஸ்கூல் நோட்டுங்க எல்லாம் ஸ்கேன் பண்ணி ஃப்ரீயா கிடக்கு, நிறைய பக்கங்களை தன்னார்வலர்களே டைப் பண்ணிக் கொடுத்திருக்காங்க. ஆரம்பத்துலயே பஞ்சம்னு பொதுவா தேடாதீங்க, குப்பையா வந்து விழும். ஒரு கவுண்டி, அதுல ஒரே ஒரு ஸ்கூல் எடுத்து அந்த நோட்டுல இருக்கிற பேய்க்கதை, வைத்தியம், சந்தை எல்லாம் சேர்த்தே படிங்க, பஞ்சம்னு தலைப்பு போடாத பக்கத்துலதான் பல தடவை பஞ்சம் எட்டிப் பார்க்கும், பாழடைஞ்ச வீடுங்க பத்தி, பழைய ரோடுங்க பத்தி எழுதின பக்கத்துல. முடிஞ்சா பக்கத்து ஸ்கூல் நோட்டையும் கூட வச்சுப் பாருங்க, எங்க ஊர்ல இல்ல அவங்க ஊர்லதான்ங்கற அந்த விளையாட்டு அப்பதான் நல்லா தெரியும். பெரும்பாலானது இங்கிலீஷ்ல இருக்கு, மேற்குக் கரையோரம் கொஞ்சம் ஐரிஷ்ல. வடக்கு அயர்லாந்தோட ஆறு கவுண்டிக்கு இந்த ஸ்கூல் தொகுப்பு கிடையாது, அப்ப அது வேற அரசாங்கத்துக்குக் கீழ இருந்ததால அங்க இருக்கிற பசங்களுக்கு அந்த நோட்டே போகல.